சம்பந்தியின் முன்பல்லும் பிரித்தானிய ஐஸ் ஹொக்கி அணியும்

சிந்து,

நீ ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிய பிறகு, உன் கலியாணத்தைப் பற்றி லண்டனில் எங்கள் மிச்சம் பகுதியில் ஒரு கதை உலாவத் தொடங்கியது. நான் உன் மாமனாரை ஐஸில் தள்ளி விழுத்தி, அவருடைய முன்பற்களை உடைத்துவிட்டேன் என்பதுதான் கதை. ட்ராம் தரிப்பிடத்தடிக் கடைக்காரர் அதை என்னிடமே சொன்னார், அந்த ஆள் நான்தான் என்று தெரியாமல். கதை கிழக்கு லண்டனில் குட்மேய்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது தள்ளியது போதாமல் போய், ஹொக்கித் தடியால் அடித்தேன் என்று ஆகிவிட்டது. வட லண்டன் எட்மண்டனில் இருக்கும் உன் பெரியம்மா போன் எடுத்து, பொலிஸ் வந்ததா, உன்னை அவர்கள் ஒழுங்காக நடத்துகிறார்களா என்று கேட்டு அழுதாள். ஆகவேதான் உனக்கு எழுத இருந்த கடிதத்தை எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலரில் எல்லோரும் வாசிக்கும்படி போடக் கொடுக்கிறேன். நடந்ததில் பாதி உனக்கும் தெரியாது. அந்தப் பாதி நடந்தபோது நீ தலைமுடி அலங்காரத்துக்குப் போயிருந்தாய். இடையிடையே புத்திமதியும் வரும். பிள்ளையைக் கட்டிக் கொடுத்த தகப்பனுக்கு அந்த உரிமையாவது மிஞ்ச வேண்டும்.

நான் ஐஸ் ஹொக்கிக்கு வந்த வழி, உனக்குத் தெரியும், பல் வழி. நீ அப்போது பிறக்கவில்லை. லண்டனுக்கு வந்து கொஞ்சக் காலம் பெட்ரோல் ஷெட்டில் நின்றுவிட்டு, படித்த தொழிலுக்கே திரும்பி, பொய்ப்பல் செய்யும் லாப் ஒன்றில் சேர்ந்திருந்தேன். பல் வைத்தியர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதற்கு ஏற்றபடி பல்லைச் செய்து அனுப்புவோம். வாயின் சொந்தக்காரரைக் காண்பதே இல்லை. ஒரு மாரிக் குளிரில் ஒரு இளம் வாயின் அச்சு வந்தது. மேல்வரிசையில் முன்பக்கம் வெறும் வெளி. செய்து அனுப்பினேன். மாரி முடியுமுன் அதே வாய், நான் செய்த பல்லும் உடைந்து, பக்கத்துப் பல்லும் போய்த் திரும்பி வந்தது. அடுத்த மாரியும் வந்தது. இந்த மனிதரை வீட்டில் யாரோ போட்டு அடிக்கிறார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கடைசியில் பல் வைத்தியரிடம் மெதுவாக விசாரித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஆள் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவர், சனிக்கிழமை ஐஸ் தரை போட்ட ரிங்குக்குப் போனால் உங்கள் வேலை எப்படி உடைகிறது என்று நீங்களே பார்க்கலாம் என்றார்.

போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், பனியில் கத்தி கட்டிய செருப்போடு தலைதெறிக்க ஓடுகிற கூட்டத்தையும், அவர்கள் ஒருவரை ஒருவர் சுவரோடு சேர்த்து நசிப்பதையும் பார்த்தேன். நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு ஓடுவதாகச் சொன்னார்கள். அது என் கண்ணில் படவே இல்லை. ஆட்டம் முடிந்து ஒருவன் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், அதைச் செய்தவனே நான்தான். கிட்டப்போய், உங்கள் பல்லைச் செய்கிறவன் நான் என்று சொன்னேன். அவன் வியர்வையோடு என்னைக் கட்டிப்பிடித்தான். பெயர் கெவின். பகலில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிற வேலை. தேநீர் வாங்கித் தந்து, “நாங்கள் ஒருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள், தெரியுமா?” என்று கேட்டான். அன்று புதிதாகப் போன பல்லின் இடத்தால் காற்றும் சேர்ந்து வந்தது. நாங்கள் என்று அவன் சொன்னது பிரித்தானியத் தேசிய அணியை. அவன் அதில் ஆடியதும் இல்லை, ஆடப்போவதும் இல்லை. அவன் சொன்ன வெற்றியோ அவனுடைய தகப்பன் பிறக்கு முன் நடந்தது.

அந்தக் கதையை உனக்கு நித்திரையாக்கச் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஜெர்மனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பிரித்தானியா ஐஸ் ஹொக்கித் தங்கம் வென்றது. அதுவும் கனடாவைத் தோற்கடித்து. அதுவரை கனடா அந்தப் பதக்கத்தைத் தன் வீட்டு அலுமாரிச் சாமான் போல நினைத்திருந்தது. எப்படி வென்றார்கள் என்றால், எங்கள் அணியில் பெரும்பாலானவர்கள் சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போய் அந்த நாட்டு ஐஸில் வளர்ந்தவர்கள். வளர்ந்த பிறகு திரும்பி வந்து இங்கே ஆடினார்கள். கனடா முறையிட்டது, பிறகு விட்டுக்கொடுத்தது, பிறகு தோற்றது, பிறகு கடைசிச் சுற்றில் எங்களோடு திரும்ப ஆட விடாத போட்டி விதியே பிழை என்று திரும்பவும் முறையிட்டது. அதோடு எங்கள் நல்ல காலம் முடிந்தது. போருக்குப் பிறகு ஒருமுறை ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அதன் பிறகு இன்றுவரை இல்லை. அணி கீழே இறங்கியது, அதற்குக் கீழேயும் ஒரு தட்டு இருப்பதைக் கண்டுபிடித்து அங்கேயும் இறங்கியது. தொண்ணூறுகளில் ஒருதரம் உலகப் போட்டியின் மேல்தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஆடியதெல்லாம் தோற்று வந்தது. கையில் ஒன்றுமில்லை, வாயில் மட்டும் பழைய தங்கம். யாழ்ப்பாணத்தவனுக்கு இப்படியான ஆட்களைப் பிடிக்காமல் போகுமா? முதன்முதலாக இந்த நாட்டில் என் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

நீ பிறந்து நடக்கத் தொடங்கியதும் உன்னையும் ரிங்குக்குத் தூக்கிப் போனேன். அம்மா உனக்கு மூன்று ஸ்வெட்டரும் எனக்கு ஒரு பேச்சும் தந்து அனுப்புவாள். “இஞ்சேருங்கோ, மற்றப் பிள்ளையள் பரதநாட்டியத்துக்குப் போகுதுகள். நீங்கள் இவளை சண்டை பாக்கக் கூட்டிக்கொண்டு போறீங்கள்” என்பாள். ஆனால் ரப்பர் வட்டு எங்கே போகிறது என்று எனக்குக் காட்டித் தந்தது நீதான். எனக்குக் கண் பழக நாலைந்து வருடம் பிடித்தது, உனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. பிறகு நீ லெஸ்டரில் படிக்கப் போன காலத்தில்தான் புடாபெஸ்டில் அந்த ஆட்டம் வந்தது. ஹங்கேரியோடு. ஒரு புள்ளி கிடைத்தால் மேல்தட்டு. கடைசிச் சில வினாடிகள் மட்டும் இருக்கும்போது எங்கள் ஆள் அடித்துச் சமன் செய்தான். நீ அங்கே விடுதியிலிருந்து போனில் கத்த, நான் இங்கே கத்த, பக்கத்து வீட்டுக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் தட்டினார்.

அடுத்த வருடம் நடந்ததை நீ இன்னும் நண்பர்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறாய் என்று உன் மாப்பிள்ளை அகிலன் சொன்னார். மேல்தட்டில் தங்க வேண்டுமானால் பிரான்சை வெல்ல வேண்டும். அன்றைக்கென்று உன் அம்மாவின் தமையன் மகளுக்குச் சாமத்திய வீடு, அதுதான் பூப்புனித நீராட்டு விழா, வாடகை மண்டபத்தில், ஆடம்பரத்துக்கு ஹெலிகொப்டர் ஒன்றுதான் குறை. நான் பின்வரிசையில் போனை மடியில் வைத்துப் பார்த்தேன். மூன்று கோல் பின்னுக்கு நின்றார்கள். சரி, சாப்பிடப் போகலாம் என்று போனை வைத்தேன். பிறகு மனம் கேட்காமல் எடுத்தால், சமன். மேலதிக நேரம். மேடையில் தாய்மாமன் மாலை போடக் கையைத் தூக்குகிறார், அங்கே எங்கள் ஆள் கோல் போடுகிறான், நான் கதிரையில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறேன். வீடியோக்காரன் வெளிச்சத்தை என் பக்கம் திருப்பினான். மண்டபம் முழுதும் கைதட்டியது. மச்சானுக்கு இவ்வளவு பாசமா என்று பிள்ளையின் தகப்பன், உன் மாமா, கண்கலங்கினார். அவருக்கு இதுவரை உண்மை தெரியாது. மலர் வெளிவந்ததும் தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நீ ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய், அகிலனைச் சந்தித்து வந்தாய். அகிலனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அமைதியான பிள்ளை, பற்களும் நல்ல வரிசை. கலியாணம் இங்கே, குடித்தனம் அங்கே என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்து வந்து சொன்னபோது நான் “ஓம், நல்லது” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சம்பந்தி வந்த பிறகு வாயில் வந்தது.

சம்பந்தி குகதாசன் அண்ணையும் மனைவி ரஞ்சியக்காவும் கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க வந்து, அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். நாங்கள் சாப்பாட்டுக்கு அழைத்தோம். இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல் என்று அம்மா இரண்டு நாள் நின்று சமைத்தாள். மனிதர் பெரிய உருவம், பெரிய குரல், வாய்நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் தொழில் கண்ணால் கவனித்திருக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே சுவரில் தொங்கிய என் கழுத்துச் சால்வையைப் பார்த்தார்.

“உதென்ன துணி, அண்ணை?”

“பிரித்தானியா ஐஸ் ஹொக்கி ரீமின்ர.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “பிரித்தானியாவுக்கும் ஐஸ் ஹொக்கி ரீம் இருக்கோ? முதலில இஞ்ச ஐஸ் இருக்கோ?”

“ஒலிம்பிக்கில தங்கம் எடுத்த ரீம்.”

“எப்ப?”

“போருக்கு முதல்.”

“எந்தப் போருக்கு?”

“உலகப் போருக்கு.”

“ஓ, அதுவோ” என்று சிரித்தார். “அது எங்கட பெடியள் அண்ணை. கனடாவில வளந்த பெடியள். நாங்கள் வளர்த்து விட்டம், நீங்கள் கொண்டுபோய் உங்கட சட்டையைப் போட்டு விட்டனீங்கள்.”

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டு அவருக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்திருக்கலாம். நானோ அந்த அணியின் கோல்காப்பாளர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர் என்றேன். அவர் பிறந்தால் காணுமோ, சோறு போட்டது ஆர் என்றார். நான் விதி விதிதான் என்றேன். அவர் அந்த விதியே பிழை, ஒழுங்காகத் திரும்ப ஆடியிருந்தால் கனடா வென்றிருக்கும் என்றார். அந்த ஆட்டம் நடந்த காலத்தில் அவருடைய தகப்பனும் என்னுடைய தகப்பனும் யாழ்ப்பாணத்தில் கால்சட்டை போடாமல் திரிந்திருப்பார்கள். ஐஸ் என்ற சாமானை அவர்கள் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆட்டத்தில் ஆடிக் களைத்தவர்கள் போல மேசையில் அடித்துக் கதைத்தோம். அகிலன் தண்ணீர் ஊற்றினார். ரஞ்சியக்கா, “இந்தாளோட உது கதையாதையுங்கோ அண்ணை, விசர் பிடிச்சுடும்” என்றார். நான் நிற்கவில்லை.

“அப்ப வளத்தவனுக்குத்தான் சொந்தம் எண்டுறீங்கள்?”

“வேற ஆருக்கு? நிச்சயமா வளத்தவனுக்குத்தான்.”

“அப்ப என்ர பிள்ளையை என்னத்துக்கு நீங்கள் கொண்டு போறீங்கள்?”

அந்தக் கேள்வி என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே பிறகுதான் விளங்கியது. குகதாசன் அண்ணை கையைக் கழுவினார். வந்து நின்று, “பிள்ளையை அனுப்ப விருப்பமில்லை எண்டா நேர சொல்லியிருக்கலாம் அண்ணை. ஹொக்கியைச் சாட்டத் தேவையில்லை” என்றார். ரஞ்சியக்கா அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லப் பார்த்தார். அண்ணை நிற்காமல் வெளியே போய்க் காரில் இருந்துவிட்டார். ஆட்டிறைச்சி அப்படியே இருந்தது.

அடுத்த நாள் காலையில் அம்மா என்னோடு கதைக்கவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்தும் போன் இல்லை. கலியாணம் நிற்கப்போகிறதோ என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ படியில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாய்.

“அப்பா, நீங்க என்னைப் போகவேணாம் எண்டு ஒருதரம் கூடச் சொல்லேல்ல. ஒரு தரம் கூட. இப்ப கோல்கீப்பர் எங்க பிறந்தவர் எண்டு சண்டை பிடிக்கிறீங்க.”

“சொன்னா நிப்பியோ?”

நீ யோசித்தாய். நீ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “இல்லை” என்றாய்.

“அதுதான் சொல்லேல்ல.”

நீ அழுதாய், பிறகு சிரித்தாய், பிறகு திரும்ப அழுதாய். அதன் பிறகு எழும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு அகிலனுக்குப் போன் எடுத்தாய். கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் இரண்டு குடும்பமும் ரிங்குக்குப் போவதாக எனக்கு அறிவித்தாய். இரண்டு அப்பாமாரும் ஐஸில் இறங்க வேண்டும், அங்கே வைத்துச் சண்டையை முடிக்க வேண்டும் என்பது உன் ஏற்பாடு. சமாதானம் பண்ணுகிறவர்கள் ஆட்களைக் கதிரையில் இருத்தித்தான் பண்ணுவார்கள். நீ எங்களை வழுக்குகிற இடத்தில் கொண்டுபோய் விட்டாய். நல்ல யோசனைதான், ஆனால் இனிமேல் செய்யாதே.

குகதாசன் அண்ணை வந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. வாடகைச் சப்பாத்தைக் காலில் மாட்டும்போது நாடாவை இரண்டு தரம் பிழையாகக் கட்டி அவிழ்த்தார். குளிரில் விரல் மரத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். “உங்களுக்குப் பழக்கம்தானே” என்றேன். “கனடாக்காரனிட்டையோ கேக்கிறீங்கள்” என்றார். நானும் முப்பது வருடமாக ஆட்டம் பார்த்தவன், ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான். ஐஸில் கால் வைத்ததே இல்லை. அதை நானும் சொல்லவில்லை. ஆக, இரண்டு பொய்யர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலால் இறங்கினோம். நீயும் அகிலனும் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நான் சுவரைக் கட்டிப்பிடித்திருந்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்திருந்தார்.

“விடாதேங்கோ அண்ணை” என்று காதுக்குள் சொன்னார்.

“நான் உங்களைப் பிடிக்கேல்ல, நீங்கள்தான் என்னைப் பிடிச்சிருக்கிறியள்.”

“அப்ப நீங்களும் பிடியுங்கோ.”

பிடிக்கக் கையை எடுத்தேன். சுவர் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். தள்ளவும் இல்லை, தடியும் இல்லை. இரண்டு பேரும் ஒன்றாக, ஒருவரை ஒருவர் அணைத்தபடி, மெதுவாக, மரம் சாய்வது போலச் சாய்ந்தோம். நான் அவருடைய முதுகில் விழுந்ததால் எனக்கு ஒன்றுமில்லை. அவர் முகம் குப்புற விழுந்தார். அவருடைய வாயிலிருந்து ஏதோ தெறித்து ஐஸில் வழுக்கிக்கொண்டு போனது. பார்த்தால் நாலு முன்பற்கள், இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் முரசோடு, அதுதான் ஈறோடு. இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் அதைக் காட்டி அலறினாள். நான் முழங்காலில் தவழ்ந்து போய் அதை எடுத்தேன். இரண்டாக உடைந்திருந்தது. என்னை அறியாமல் திருப்பிப் பார்த்தேன். நல்ல வேலை, ஆனால் நடுவில் மெல்லியதாக விட்டிருக்கிறார்கள்.

அகிலன் ஓடி வந்து தகப்பனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “அப்பா, அப்ப அது உங்கட சொந்தப் பல்லில்லையா?”

குகதாசன் அண்ணை கையால் வாயை மூடிக்கொண்டார். ரஞ்சியக்கா தடுப்புக்கு மேலால் எட்டி, “நீ பிறக்க முதலே பொய்ப்பல்தான். கண்ணாடிக்கு முன்னாலையும் கழட்ட மாட்டார். எனக்கே சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் காட்டினவர்” என்றார். பாவம் மனிதர், நாளைக்கு மகனுக்குக் கலியாணம், ஐந்நூறு பேர் வருகிறார்கள், ஐஸில் குந்திக்கொண்டு அழும் நிலை. உனக்குத் தலைமுடி அலங்காரத்துக்கு நேரமாகிவிட்டது, அகிலனுக்கு மண்டபத்தில் வேலை. நான் சொன்னேன், “எழும்புங்கோ அண்ணை. லாப் கிட்டத்தான். பின்னேரத்துக்குள்ள பல்லோட வீட்ட போவீங்கள்.”

இனி உனக்குத் தெரியாத பாதி. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “போடுங்கோ, உங்களிட்ட அடி வாங்கினன் எண்டு ஊரெல்லாம் கதைக்கிறதை விட இது மேல்” என்று சொல்லிவிட்டார்.

லாப்பில் அன்று வேறு யாரும் இல்லை. நான் உடைந்த துண்டுகளைப் பொருத்தி, அடியில் சாந்து ஊற்றிக் கெட்டிப்படுத்தி, வெடிப்பை அரைத்துப் புதுப் பிளாஸ்டிக் வைக்கிற வரைக்கும் அவர் கைலேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு மெதுவாகக் கதைத்தார். பல் இல்லாமல் சானா வரவில்லை; சம்பந்தி என்றால் ஹம்பந்தி என்று வந்தது. தான் வாழ்நாளில் ஹொக்கி விளையாடியதே இல்லை, இன்றைக்குத்தான் முதன்முதலாக ஐஸில் இறங்கியது என்றார். கனடாவுக்குப் போன முதல் மாரியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியிருக்கிறார். வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு ஓடியபோது, ஊரிலிருந்து கொண்டுபோன சப்பாத்து பனியில் வழுக்கி, தரிப்பிடத்து இரும்பில் முகம் அடித்தது. பற்கள் போயின.

“அடுத்த நாள் வேலைக்குப் போனன் அண்ணை. முகமெல்லாம் வீக்கம். அங்க ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்ல, எனக்கும் இங்கிலிஷ் வராது. சமையல்காரன் என்ன நடந்ததெண்டு கேட்டான். பஸ்ஸுக்கு ஓடி விழுந்தனான் எண்டு சொல்ல வெக்கம். எனக்குத் தெரிஞ்ச ஒரு சொல்லுத்தான் வந்துது. ஹொக்கி எண்டன்.”

“பிறகு?”

“எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். முதுகில தட்டினாங்கள். அண்டைக்குத்தான் ரீவிக்கு முன்னால எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டவங்கள். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாத்த ஹொக்கி முழுக்கப் படிக்க வேண்டியதாப் போச்சு. பல்லும் பொய், கதையும் பொய். ஆனா கதிரை உண்மை அண்ணை.”

நான் மினுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். கெவின் எனக்கு வாங்கித் தந்த தேநீரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முன் லண்டனில் ஒரு வெள்ளைக்காரனும் எனக்குத் தேநீர் வாங்கித் தந்ததில்லை என்பதையும் சொன்னேன். பிறகு அவர், அந்தச் சாப்பாட்டு மேசைச் சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், “பிள்ளைக்கு என்ன கறி விருப்பம்?” என்று கேட்டார்.

“நண்டு. உறைப்புக் கொஞ்சம் குறைய வேணும்.”

“எங்கட வீட்டில நான்தான் நண்டு சமைக்கிறது” என்றார். பிறகு, “கோவம் வந்தா என்ன செய்வா?” என்று கேட்டார்.

“படியில போய் இருப்பாள். பத்து நிமிசம் விட்டுட்டுத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தாக் காணும்.”

“எங்கட வீடு ஒரே தளம், பங்களோ அண்ணை. படி இல்லை” என்று உண்மையாகவே கவலைப்பட்டார். அந்தக் கவலையைக் கண்ட பிறகு உன்னை அனுப்ப எனக்குப் பயம் இருக்கவில்லை. பல்லைக் கழுவிக் கையில் கொடுத்தேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். முந்தியதை விட வடிவாக இருப்பதாகச் சொன்னார். இருக்கத்தானே வேண்டும். அடுத்த நாள் கலியாணப் படத்தில் உன்னை விட, அகிலனை விட, அதிகம் சிரித்தவர் அவர்தான். தாலி கட்டும் படத்தில்கூடத் தவிலுக்குப் பின்னால் அந்தப் பற்கள் தெரிகின்றன.

இனிப் புத்திமதி. இரண்டு பேர் கைகோத்து நடந்தால் சேர்ந்து விழுவதும் நடக்கும். அப்போது யார் முதலில் கையை விட்டது என்று விசாரிக்காதீர்கள். மற்றவர் எழும்பிய பிறகு சிரி, எழும்ப முன் சிரிக்காதே. சாப்பாட்டு மேசையில் உனக்கு நியாயம் முழுதாக உன் பக்கம் இருப்பதாகத் தெரிந்தால், அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் கறி போடு. ஒன்றைச் சொல்லப் பயமாக இருந்து, வேறொன்றைச் சாட்டிக் கத்த வேண்டும் போல வந்தால், பயமாக இருக்கிறது என்றே சொல்லிவிடு. உன் அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதிலும் அது வரவில்லை, உனக்கு வரும். மாரிக்கு நல்ல சப்பாத்து வாங்கு. உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கு, அவருக்கு எது வழுக்கும் என்று தெரியும்.

நீ போய்ச் சில கிழமையில் உலகப் போட்டி தொடங்கியது. கனடாவோடு ஆடினோம், தோற்றோம், ஆனால் முகத்தை மறைக்கிற அளவுக்கு இல்லை. அன்று குகதாசன் அண்ணை போன் எடுத்து, மிகவும் மரியாதையாக, உங்கட பெடியள் பரவாயில்லை என்றார். வென்றவர்களுடைய மரியாதை அது, எனக்குக் கொஞ்சம் எரிந்தது. பிறகு வந்தது தங்குவதா இறங்குவதா என்ற கடைசி ஆட்டம். நான் இங்கே பின்னேரத்தில் தனியாக இருந்து பார்த்தேன். அம்மா குசினிக்குள் நின்றுகொண்டு, பார்க்காதது போலப் பார்த்தாள். தோற்றோம். திரும்பவும் கீழ்த்தட்டு. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தபோது போன் அடித்தது. வீடியோ அழைப்பு, ரொறன்ரோவிலிருந்து.

குகதாசன் அண்ணை சாரத்தோடு இருந்தார். அங்கே காலை. முன்னால் தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. பின்னால் நீ கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாய். முழு ஆட்டமும் நீங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள் என்று முகத்தைக் கண்டதுமே தெரிந்தது.

“கனடா ஆடினாப் பயமில்லாமப் பாக்கலாம் அண்ணை” என்றார். “உது நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது. விடியத் தொடங்கி நான் ஒண்டும் சாப்பிடேல்ல.”

“பழகிடும்” என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். என்னைப் பார்க்காமல், ஏதோ சின்ன விஷயம் கேட்பவர் போலக் கேட்டார்.

“அப்ப அடுத்த வருசம் நாங்கள் திரும்ப ஏறுவமோ?”

நீங்கள் ஏறுவியளோ என்று கேட்கவில்லை, சிந்து. அது உன் காதிலும் விழுந்தது. அவருக்குப் பின்னால் உன் தலை நிமிர்ந்ததை நான் கண்டேன்.

“ஓம்” என்றேன். “ஏறுவம்.”

அப்பா